ஈஸ்ட்ஹாமில் வீடு வாங்க சொலிசிற்றர்: பக்கத்தில் இருப்பவரா, ஒன்லைனா, ஏஜென்ட் சொல்பவரா?

கீரிமலைக்காற்று எழுதியது:

வணக்கம் உறவுகளே. ஈஸ்ட்ஹாமில ஒரு ரெறஸ் வீட்டுக்கு (வரிசை வீடு) 450,000 பவுணுக்கு ஒஃபர் வைச்சு, விக்கிறவையும் ஓம் எண்டிட்டினம். நானும் மனிசியும் இங்கிலாந்தில வாங்கிற முதல் வீடு. மோட்கேஜ் கொள்கையளவில கிடைச்சிருக்கு. இப்ப கொன்வேயன்சிங், அதுதான் வீடு கைமாறுற சட்ட அலுவல், செய்ய ஆள் பிடிக்க வேணும். முன்னால மூண்டு தெரிவு இருக்கு.

ஒண்டு, எஸ்டேட் ஏஜென்ட் சொல்லுற கொம்பனி. "எங்கட ஆளை எடுத்தால்தான் விக்கிறவர் வீட்டைச் சந்தையிலயிருந்து எடுப்பார்" எண்டு ரெலிபோனில சொல்லினம். ரெண்டு, ஹைஸ்ட்ரீற்றில இருக்கிற எங்கட தமிழ் லோயர். விசா அலுவல்தான் கூடச் செய்யிறவர், "வீட்டு அலுவலும் பாப்பன்" எண்டார். மூண்டு, ஒன்லைன் கொம்பனி, 699 பவுண். அவையின்ர குவோட்டில சின்ன எழுத்தில கிடக்கிறது இது:

சட்டக் கட்டணம் 699. மோட்கேஜ் மேலதிகம் 195. ஸ்ராம்ப் டியூட்டி படிவம் 90. அன்பளிப்புக் காசு ஒரு ஆளுக்கு 75. வெளிநாட்டுக் காசு சரிபார்ப்பு 120. வங்கி மாற்றல் 42. கோப்புப் பராமரிப்பு 35. எல்லாத்துக்கும் மேல வற். சேர்ச், பதிவுக் கட்டணம் தனி.

டெப்பொசிற் 90,000: எங்கட சேமிப்பு 48,000, சீட்டு எடுத்தது 12,000, மாமா (மனிசியின்ர அப்பா) ஊரிலயிருந்து அனுப்புறது 20,000, சிநேகிதன் தாறது 10,000. வீட்டுக்குப் பின்னால ஒரு எக்ஸ்ரென்ஷனும் மேல லொஃப்ற் அறையும் கட்டியிருக்கினம்.

ஆரை எடுக்கிறது? பக்கத்தில இருக்கிற ஆளெண்டால் ஏதும் நன்மை இருக்கோ?

---

பழைய கோப்பு எழுதியது:

தம்பி, முதலில் ஏஜென்ட் விசயத்தை முடிப்போம். தன் ஆளை எடுக்காவிட்டால் வாங்குபவரை ஒதுக்குவது 1991 இல் வந்த எஸ்டேட் ஏஜென்ட் விதிகளின்படி தடை. அதே வசனத்தை இமெயிலில் எழுதித் தரும்படி கேளும், அநேகமாக அந்தப் பேச்சு அத்தோடு நிற்கும். நிற்காவிட்டால் விற்பவருக்கே நேரே தெரியப்படுத்தலாம், ஏஜென்ட் சேர்ந்திருக்கும் குறைதீர் அமைப்பிடமும் போகலாம். எந்த ஏஜென்டும் அப்படியொரு அமைப்பில் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ஏஜென்ட் ஆள் அனுப்பினால் அவருக்கு அறிமுகக் கட்டணம் போகும். அது குற்றமில்லை. எவ்வளவு போகிறது என்று சொலிசிற்றர் உமக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அடுத்த வேலை எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாரும். "இந்த லொஃப்ற்றுக்குச் சான்றிதழ் இல்லை, பொறுங்கோ" என்று சொல்ல வேண்டிய நாளில் அது தெரியும்.

விசா லோயர்: ஆள் நல்லவர் என்பது வேறு, இந்த வேலைக்குப் பொருத்தமா என்பது வேறு. மூன்று விசயம் பாரும். சொலிசிற்றர்களைக் கட்டுப்படுத்தும் எஸ்ஆர்ஏ அமைப்பின் பதிவேட்டில், இலவசம்தான், அவருடைய பெயரும் நிறுவனமும் இருக்கிறதா, அதில் ஏதும் நிபந்தனை போடப்பட்டிருக்கிறதா. இரண்டாவது, லோ சொசைட்டியின் கொன்வேயன்சிங் தரத் திட்டமான சிக்யூஎஸ் அங்கீகாரம் உண்டா. மூன்றாவதுதான் பெரிது: உமக்குக் கடன் தரும் வங்கியின் பனலில், அதாவது வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிற்றர் பட்டியலில், அந்த நிறுவனம் இருக்கிறதா. தனி ஆளாக நடத்தும் நிறுவனங்களைப் பல வங்கிகள் பனலில் சேர்ப்பதில்லை. பனலில் இல்லையென்றால் வங்கி தனக்கென்று வேறொரு சொலிசிற்றரைப் போடும். அவருடைய கட்டணமும் உம்முடைய தலையில், ஒவ்வொரு கேள்வியும் இரண்டு மேசை தாண்டி வர வேண்டும். "ஏதாவது வங்கியின் பனலில் இருக்கிறீர்களா" என்று கேட்காதேயும். உம்முடைய வங்கியின் பெயரைச் சொல்லிக் கேளும்.

இன்னொன்று. விற்பவரும் தமிழாள் என்றால் "இரண்டு பக்கத்தையும் நானே பார்க்கிறேன், செலவு குறையும்" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நலன் எதிரெதிர். பிரச்சினை ஒன்று கிளம்பினால் அவர் இரண்டு பேரையும் கைவிட்டு விலக வேண்டி வரும், நீர் புதிய ஆளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

699 பவுண் குவோட்: இரண்டு பேரின் அன்பளிப்பு என்று கணக்குப் போட்டால் 699, 195, 90, 150, 120, 42, 35. கூட்டினால் 1,331. வற் 20 வீதம் 266.20. ஆக 1,597.20. இதற்கு மேல்தான் சேர்ச்சும் (வீட்டைப் பற்றிக் கவுன்சில், தண்ணீர்க் கொம்பனி போன்ற இடங்களில் எடுக்கும் தேடல் அறிக்கைகள்) நிலப்பதிவுக் கட்டணமும். மோட்கேஜ் எடுக்காமல் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? ஸ்ராம்ப் டியூட்டி படிவம் இல்லாமல் எந்த வீடு கைமாறுகிறது? தவிர்க்கவே முடியாத வேலையை "மேலதிகம்" என்று பிரித்துப் போடுவது தலைப்பில் சின்ன எண்ணைக் காட்டத்தான். பக்கத்துத் தெரு நிறுவனம் 1,250 உம் வற்றும் என்று ஒரே எண்ணாகச் சொன்னால் அது 1,500. அதுதான் மலிவு. 2018 டிசெம்பரிலிருந்து வீட்டுக் கொன்வேயன்சிங் செய்யும் எஸ்ஆர்ஏ நிறுவனங்கள் தங்கள் விலையையும், அதில் எது அடங்கும் எது அடங்காது என்பதையும் இணையத்தளத்தில் போட வேண்டும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ரெலிபோன் எடும். "வேலை முடியாவிட்டால் கட்டணம் இல்லை" என்பதிலும் சேர்ச் காசு திரும்பி வராது.

பக்கத்தில் இருப்பதால் என்ன நன்மை என்றால், முன்பு இருந்த அளவுக்கு இல்லை. சேர்ச் எல்லாம் இணையத்தில்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எந்த ஊர் நிறுவனமும் உமக்குச் செய்யலாம். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமே வேறு. நேரே போய் பாஸ்போட்டைக் காட்டலாம், கையொப்பக் கடதாசியைக் கொடுக்கலாம், பதில் வராவிட்டால் கவுண்டரில் போய் நிற்கலாம். அந்தக் கடைசி வசதியைக் குறைவாக எடைபோட வேண்டாம்.

லைசன்ஸ்ட் கொன்வேயன்சர் என்றாலும் பயமில்லை, சிஎல்சி அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. வீட்டு வேலை மட்டுமே செய்கிறவர்கள் என்பதால் பலர் கெட்டிக்காரர். மாமாவின் காசுக்கு வீட்டில் எவ்வளவு பங்கு என்று பத்திரம் எழுதுவது, குடும்பத் தகராறு மாதிரி ஏதும் கூட வந்தால் சொலிசிற்றர்கள் உள்ள நிறுவனம் உதவும்.

காலை பத்தரைக்கு அழைத்து இதைக் கேளும்: என்னுடைய கோப்பை யார் வைத்திருப்பார், அவர் பெயர் என்ன, இப்போது அவர் கையில் எத்தனை கோப்பு, அவர் விடுமுறையில் போனால் யார், இமெயிலுக்கு எத்தனை நாளில் பதில். பெயர் சொல்லாமல் "எங்கள் ரீம் பார்க்கும்" என்றால் அடுத்த எண்ணுக்குப் போம்.

---

மோட்கேஜ் மணியம் எழுதியது:

பழைய கோப்பு சொன்னது சரி. ஆனால் இந்தக் கோப்பு சிக்கப்போவது கட்டணத்தில் அல்ல, அந்த 90,000 இல்.

2017 ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி சொலிசிற்றர் காசின் ஊற்றைப் பார்த்தே ஆகவேண்டும். வங்கியில் இருக்கிறது என்பது போதாது, வங்கிக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பொதுவாக ஆறு மாத ஸ்ரேற்மென்ற் கேட்பார்கள். அதில் சம்பளம் அல்லாத ஒவ்வொரு பெரிய வரவுக்கும் ஒரு கடதாசி வேணும்.

சீட்டு 12,000: மாதா மாதம் உங்கள் கணக்கிலிருந்து சீட்டுக்காரர் கணக்குக்குப் போய், கழிவு போக ஒரே தொகையாக அவர் கணக்கிலிருந்து திரும்பி வந்திருந்தால் வழி உண்டு. இரண்டு பக்க ஸ்ரேற்மென்ற், சீட்டுக்காரரின் கடிதம், அவரின் அடையாளம், எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எப்போது தொடங்கியது என்ற பட்டியல். கையில் கொடுத்துக் கையில் வாங்கி, பிறகு ஏரிஎம்மில் ஆயிரம் ஆயிரமாகப் போட்டதென்றால் எந்த நிறுவனமும் யோசிக்கும், சிலர் அந்த இடத்திலேயே கோப்பை மூடுவார்கள். தமிழ் லோயர் என்றால் சீட்டு என்ன என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை, அந்த அளவுக்குத்தான் வசதி. சட்டம் அவருக்கும் அதேதான்.

மாமாவின் 20,000: வங்கி வழியே வர வேணும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆள் வழியாகக் காசு மாற்றுவது) வந்தால் இங்கே யாரோ முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு விழும், அதை மாமாவின் காசு என்று நிரூபிக்க உலகத்தில் ஒரு கடதாசியும் கிடையாது. வாங்கலே அதோடு நின்றுவிடும். இலங்கையிலிருந்து வெளியே அனுப்பக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்குள்ள வங்கியில் மாமா இன்றைக்கே போய்க் கேட்க வேணும், எக்ஸ்சேஞ்சுக்கு (ஒப்பந்தம் இரு பக்கத்தையும் கட்டிப்போடும் நாள்) முதல் வாரம் அல்ல. அவரின் பாஸ்போட், விலாசச் சான்று, காசு எப்படிச் சேர்ந்தது என்பதற்கான கணக்கு எல்லாம் வேணும். காணி விற்ற காசென்றால் உறுதியின் பிரதி, அதுவும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்போடு.

அன்பளிப்புக் கடிதத்தில் மூன்று விசயம் இருக்க வேணும்: இது அன்பளிப்பு, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் எனக்கு உரிமை இல்லை. தந்தவர் பிறகு கடனில் முறிந்தால் ஐந்து ஆண்டுக்குள் கொடுத்த அன்பளிப்பைத் திரும்பப் பெற வழி இருப்பதால், சில வங்கிகள் அதற்கு ஒரு காப்புறுதியும் கேட்கும்.

இனி அந்தச் சிநேகிதன் தாறது. உண்மையில் கைமாத்துத்தானே? கைமாத்துக்கு அன்பளிப்புக் கடிதம் எழுதினால் அது வங்கியை ஏமாற்றுவது. பல வங்கிகள் குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் அன்பளிப்பையே எடுப்பதில்லை. சொலிசிற்றர் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்கிறவர், இதை வங்கிக்குச் சொல்ல அவருக்குக் கடமை உண்டு. சந்தேகம் வந்தால் தேசியக் குற்றவியல் முகமைக்கு அறிக்கை போடுவார், போட்டதை உங்களிடம் சொல்லவும் அவருக்குத் தடை. முகமை பதில் சொல்ல 7 வேலை நாள் எடுக்கலாம். அந்த நாட்களில் நீங்கள் "லோயர் ஏன் போனே எடுக்கிறாரில்லை" என்று திட்டிக்கொண்டிருப்பீர்கள். 10,000 ஐ விட்டுவிட்டு 80,000 டெப்பொசிற்றோடு கடனைக் கூட்டிப் பார்க்கலாம். 82 வீதக் கடனுக்கு வட்டி கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ஆக, ஆள் தெரியும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "எனக்கு இலங்கையிலிருந்து அன்பளிப்பு, கொஞ்சம் சீட்டுக் காசு. என்னென்ன கடதாசி வேணும்? காசு கட்ட முதல் சொல்லுங்கள்." தெளிவாகப் பட்டியல் தருகிறவரை எடுங்கள். "பிறகு பாப்பம்" என்கிறவர் எட்டாவது கிழமையில்தான் பார்ப்பார்.

ஒரு கேள்வி: ஊரில் உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பேரில் வீடு ஏதும் இருக்கா?

---

கீரிமலைக்காற்று எழுதியது:

நன்றி அண்ணாமார். ஓம், மனிசிக்குச் சீதனமாக் குடுத்த வீடு கொக்குவிலில இருக்கு. உறுதி அவவின்ர பேரில. மாமா மாமிதான் இருக்கினம். வாடகை ஒண்டும் இல்லை. அது இங்க கணக்கில வருமோ? ஏஜென்ட், முதல் வீடு வாங்கிறவைக்கு ஸ்ராம்ப் டியூட்டி குறைவு எண்டு சொன்னவர்.

---

பழைய கோப்பு எழுதியது:

வரும். இந்த இழையில் மிகப் பெரிய எண் இதுதான், நல்லவேளை மணியம் கேட்டார்.

முதல் வீடு என்றால் இங்கிலாந்தில் முதல் வீடு என்று அர்த்தமில்லை. உலகத்தில் எங்கேயும், வாங்கியோ சீதனமாகவோ முதுசமாகவோ, வீடு உடைமையாக இருந்திருக்கக் கூடாது. சேர்ந்து வாங்கினால் இரண்டு பேரும் அந்தத் தகுதியில் இருக்க வேண்டும். உங்கள் மனைவிக்கு அது இல்லை, ஆகவே இரண்டு பேர் பேரிலும் வாங்கினால் சலுகை போய்விட்டது.

அடுத்தது மேலதிக வீட்டு வரி. 2024 ஒக்டோபர் 31 இலிருந்து அது 5 வீதம். கொம்ப்ளீஷன் நாள், அதாவது வீடு கைமாறிச் சாவி கிடைக்கும் நாள், முடிவில் உங்களுக்கு வேறொரு வீடு, எந்த நாட்டிலாயினும், 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியில் இருந்தால் வரும். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை வரித்துறை ஒரே ஆளாகத்தான் பார்க்கும். அதனால் உம்முடைய பேரில் மட்டும் வாங்கினாலும் கொக்குவில் வீடு கணக்கில் வரும்.

2025 ஏப்ரல் 1 க்குப் பிந்திய வீதத்தில் 450,000 க்குப் போட்டால்:

முதல் வீட்டுச் சலுகை: முதல் 300,000 க்கு இல்லை, மீதி 150,000 க்கு 5 வீதம். 7,500 பவுண்.

சாதாரண வீதம்: முதல் 125,000 க்கு இல்லை, அடுத்த 125,000 க்கு 2 வீதம், மீதி 200,000 க்கு 5 வீதம். 12,500 பவுண்.

மேலதிக வீடு: அதே படிகள் 5, 7, 10 வீதமாகும். 6,250 உம் 8,750 உம் 20,000 உம். 35,000 பவுண்.

ஆகவே கொக்குவில் வீடு 40,000 பவுணை எட்டுமா என்பதில் 22,500 பவுண் தொங்குகிறது. வாயால் சொல்லும் விலை உதவாது. யாழ்ப்பாணத்தில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு எடும், கொம்ப்ளீஷனை ஒட்டிய திகதியில். காணியும் சேர்த்துத்தான் பெறுமதி. கொக்குவிலில் காணி விலை போகும் போக்குக்குக் குறைவாக வருமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

உறுதியையும் ஒருமுறை வாசியும். மாமா மாமிக்குச் சீவிய உரித்து ஒதுக்கி எழுதியிருக்கிறதா? அப்படியென்றால் மனைவியை உரிமையாளர் என்று எண்ணுவதா இல்லையா என்பது தனிக் கேள்வியாகும். அதற்கு ஸ்ராம்ப் டியூட்டி தெரிந்த வரி ஆலோசகர் வேண்டும். சில நூறு பவுண் செலவு, தொங்குவது இருபதாயிரம்.

பெறுமதி 40,000 க்குக் கீழே என்று நிரூபணமானால் இன்னொரு வாசல் இருக்கிறது: உம்முடைய பேரில் மட்டும் வாங்கினால் 7,500 க்கு வரலாம். ஆனால் மனைவியின் சம்பளமும் அவருடைய தகப்பன் தந்த காசும் உள்ளே போகும்போது அவருக்கும் வீட்டில் பங்கு உண்டு என்றாகலாம். பங்கு இருந்தால் அவரும் வாங்குபவர்தான். பேரை விட்டால் போதும் என்று யாரும் சொன்னால் நம்பாதேயும். வங்கியும் தன் பக்கத்தில், வீட்டில் இருக்கும் வயது வந்தவரிடம் உரிமை விட்டுக்கொடுக்கும் கடிதம் கேட்கும். அதைக் கையெழுத்துப் போட முதல் அவருக்குத் தனியாக ஒரு சொலிசிற்றரின் ஆலோசனை தேவைப்படும்.

இனி ஆள் தேர்வுக்கு வருவோம். பெரும்பாலான கொன்வேயன்சர்களின் ஒப்பந்தக் கடிதத்தில் "வரி ஆலோசனை தரமாட்டோம்" என்று ஒரு வரி இருக்கும். படிவத்தில் "வேறு வீடு உண்டா" என்ற பெட்டி வரும், நீர் இல்லை என்று போட்டால் இல்லை என்றே அனுப்பிவிடுவார்கள். கொம்ப்ளீஷன் முடிந்து 14 நாளுக்குள் படிவமும் காசும் வரித்துறைக்குப் போக வேண்டும். அந்தக் கடைசித் திகதியிலிருந்து 9 மாதம் வரை விசாரணை திறக்கலாம், கவனமில்லாமலோ வேண்டுமென்றோ பிழையாகப் போட்டதென்றால் அதற்கும் பிறகு பல ஆண்டு துரத்தலாம், தண்டத்தோடும் வட்டியோடும். ஆகவே கேள்வி: "வெளிநாட்டுச் சீதன வீடு உள்ள கோப்பில் ஸ்ராம்ப் டியூட்டியை நீங்களே கணக்குப் பார்ப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா?" இரண்டும் சரியான பதில்தான். அந்தக் கேள்விக்கு விழிக்கிறவர் வேண்டாம்.

---

வெம்பிளி வாசி எழுதியது:

கட்டடம் பார்க்கிறவன் என்ற முறையில் எக்ஸ்டென்ஷன், லாஃப்ட் பற்றி மட்டும் எழுதுகிறேன். யாரும் இன்னும் தொடவில்லை. சொலிசிட்டர்கள் வழுக்குகிற இடம் இது.

இரண்டு அனுமதி இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. ஒன்று திட்ட அனுமதி, மற்றது கட்டட விதிமுறை. டெரஸ் வீட்டில் பின்பக்கம் 3 மீட்டர் வரை ஒரு மாடி எக்ஸ்டென்ஷனும், கூரையில் 40 கன மீட்டர் வரை லாஃப்டும், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், திட்ட அனுமதி கேட்காமலே கட்டலாம். ஏஜென்ட் இதைத்தான் "பெர்மிஷன் தேவையில்லை" என்று சொல்வார். ஆனால் கட்டட விதிமுறைச் சான்றிதழ் இரண்டுக்குமே கட்டாயம். விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் இது கேட்கப்பட்டிருக்கும். "தெரியாது", "முந்தைய உரிமையாளர் கட்டியது" என்று பதில் வந்தால் அங்கே உட்காருங்கள்.

உங்கள் சொலிசிட்டர் அநேகமாக "இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துவிடலாம்" என்பார். ஒரே தவணை, விலையும் குறைவு, விற்பவரே கட்டுவார், கோப்பு நகரும். அந்த பாலிசி கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் நஷ்டத்தைத்தான் பார்க்கும். கூரைத் தாங்கி சரியாகப் போடப்படவில்லை, படிக்கட்டில் தீத்தடுப்புக் கதவு இல்லை, ஒவ்வொரு மாடியிலும் ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரம் இல்லை என்றால் அது ஒரு பவுண்டு தராது. மூன்றாவது மாடியில் பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள் என்றால் காகிதம் போதாது. சர்வேயரை லெவல் 3, அதாவது முழுமையான கட்டடச் சோதனை அளவில் வரச் சொல்லுங்கள்.

முக்கியமானது: பாலிசி பற்றி முடிவாகும் வரை யாரும் கவுன்சிலுக்கு போன் பண்ணி "இந்த வீட்டு லாஃப்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா" என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் எந்த நிறுவனமும் பாலிசி தராது. கவுன்சிலின் இணையத் தேடலில் பார்ப்பது வேறு, ஆள் பேசுவது வேறு. ஆர்வத்தில் இதைச் செய்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

பாலிசிக்குப் பதிலாக விற்பவரை முறைப்படுத்தல் சான்றிதழ் எடுக்கச் சொல்லலாம். கவுன்சில் ஆள் வந்து சுவரை, தளத்தை அங்கங்கே உடைத்துப் பார்ப்பார். விற்பவர்கள் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், விலையில்தான் பேச வேண்டியிருக்கும்.

காலக்கெடு பற்றிப் பழைய பாடத்தை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 25 க்கு முன் பெரும்பாலும் கட்டி முடித்ததற்குத் திட்ட நடவடிக்கைக்கு 4 ஆண்டு, அதற்குப் பின் என்றால் 10 ஆண்டு. கட்டட விதிமுறை மீறலுக்கான நோட்டீசும் 2023 அக்டோபர் முதல் ஓர் ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டுவிட்டது. "ஒரு வருஷம் ஆச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்கள் சொலிசிட்டர் எழுதினால் அவர் புத்தகம் பழையது.

கடைசியாகச் சாக்கடை. கிழக்கு லண்டன் பழைய டெரஸ்களில் பல வீடுகளின் கழிவுக் குழாய் பின்புறமாக வரிசையாக ஓடும். 2011 அக்டோபர் 1 முதல் பகிர்ந்து பயன்படுத்தும் குழாய்கள் தண்ணீர் கம்பெனியின் சொத்து. எக்ஸ்டென்ஷன் பொதுச் சாக்கடையின் 3 மீட்டருக்குள் இருந்தால் தேம்ஸ் வாட்டரின் பில்ட் ஓவர் ஒப்பந்தம் (சாக்கடைக்கு மேல் அல்லது அருகில் கட்ட ஒப்புதல்) இருக்க வேண்டும். டிரெய்னேஜ் சேர்ச்சில் வரும் வரைபடத்தில் சாக்கடைக் கோடு வீட்டுக்கு அடியில் போகிறதா என்று நீங்களே பாருங்கள். பல சொலிசிட்டர்கள் அந்த வரைபடத்தை அப்படியே உங்களுக்கு அனுப்பிவிட்டு "ஏதும் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று ஒரு வரி எழுதுவார்கள். எக்ஸ்டென்ஷன் இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது, அவர்கள் வீட்டைப் பார்த்ததில்லை. வீட்டின் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து முதல் நாளே அனுப்புங்கள்.

லோக்கல் சேர்ச் உங்கள் வீட்டைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பக்கத்து மனையில் ஐந்து மாடி வருவது அதில் வராது. அதை கவுன்சிலின் திட்டத் தளத்தில் தெருப் பெயர் போட்டுத் தேடுங்கள், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

---

ரூட்டிங் ரஞ்சி எழுதியது:

இடையில வாறன், மன்னிக்கோணும். நாங்கள் ஃபிளாற் விக்கிறம். விக்கிற ஆக்களுக்கும் இவ்வளவு பாக்கோணுமே? மலிவான ஆள் போதாதோ?

---

பழைய கோப்பு எழுதியது:

ரஞ்சி அக்கா, விற்பவருக்கு ஆபத்துக் குறைவு, தாமதம்தான் எதிரி. லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை) ஃபிளாற் என்றால் முகாமைக் கொம்பனியின் எல்பிஇ1 பொதி, அதாவது கட்டடம் பற்றிய கேள்விகளுக்கு அவர்களின் பதில்கள், வேண்டும். சில நூறு பவுண், வரக் கிழமைக்கணக்கு. வாங்குபவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் நாளே அதை எடுக்கிறவரா என்று கேளுங்கள். லீஸில் 80 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் வாங்குபவரின் வங்கி முகம் சுளிக்கும், சந்தைக்குப் போக முதல் நீட்டிப்பைப் பற்றிப் பேசுங்கள். நீட்டிக்க இரண்டு ஆண்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 உடன் போய்விட்டது. கட்டடம் 11 மீற்றரோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ என்றால் 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குத்தகைதாரர் சான்றுப் பத்திரம் வேண்டும். இந்த வேலையையே எடுக்காத நிறுவனங்கள் உண்டு, காசு கட்ட முதல் கேளுங்கள்.

---

கீரிமலைக்காற்று எழுதியது:

ஸ்ராம்ப் டியூட்டி கணக்கைப் பாத்து மனிசி தலையில கை வைச்சிட்டா. மதிப்பீட்டுக்கு ஊரில சொல்லியாச்சு. சிநேகிதன்ர காசை விடுறம். சிக்யூஎஸ் உள்ள ரெண்டு இடத்தில கதைச்சன், ஒண்டு இல்ஃபோர்ட், ஒண்டு ஹாரோ. இல்ஃபோர்ட் ஆள் கடதாசிப் பட்டியலை இமெயிலில அனுப்பினவர். எங்கட வங்கியின்ர பனலிலயும் இருக்கிறார். காசு அனுப்பிற நேரத்தில ஏதும் கவனிக்கோணுமே?

---

மோட்கேஜ் மணியம் எழுதியது:

அப்ப இல்ஃபோர்ட்தான்.

இன்றைக்கே அலுவலகத்துக்கு நேரே போய் அவர்களின் கிளையன்ற் கணக்கு எண்ணைக் கடதாசியில் வாங்கி வையுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆளின் முழு நன்மையும் இதில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் நாளில் 10 வீதம், 45,000 பவுண் போகும். அதற்கு இரண்டு நாள் முன் "எங்கள் வங்கிக் கணக்கு ஓடிற்றில் இருக்கிறது, புதிய எண் இதோ" என்று அதே பெயரில், அதே கையொப்பத்தோடு இமெயில் வந்தால் அது திருடன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரும், திங்கள் வரை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று. கடதாசியில் உள்ள ரெலிபோன் எண்ணுக்கு எடுங்கள், இமெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல. முதலில் 1 பவுண் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று குரலில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

உங்கள் வங்கியின் ஒரு நாள் அனுப்பும் எல்லையையும் பாருங்கள். ஒன்லைனில் 45,000 ஐ விடாத கணக்குகள் உண்டு, கிளைக்குப் போய் சாப்ஸ் (பெரிய தொகையை அன்றே அனுப்பும் வங்கி மாற்றல்) போட வேண்டி வரும், அதற்குப் பிற்பகல் முடிவு நேரம் உண்டு.

எக்ஸ்சேஞ்ச் ஆன நிமிடத்திலிருந்து வீடு எரிந்தாலும் வாங்கியே ஆகவேணும் என்பதுதான் வழமையான ஒப்பந்த நிபந்தனை. ஆகவே கட்டடக் காப்புறுதி எக்ஸ்சேஞ்ச் நாளிலிருந்து, சாவி வாங்கும் நாளிலிருந்து அல்ல. கொம்ப்ளீஷனுக்கு உங்கள் காசு பிந்தினால் நோட்டீஸ் வரும், 10 வேலை நாள் தருவார்கள், அதற்கும் வராவிட்டால் 45,000 போய்விடும். மாமாவின் காசு இங்கே வந்து சேராமல் எக்ஸ்சேஞ்சுக்கு ஓம் சொல்ல வேண்டாம்.

---

பழைய கோப்பு எழுதியது:

ஒரு சேர்க்கை. மோட்கேஜ் பத்திரத்துக்கு மனைவியின் தங்கையையோ மாமியையோ சாட்சிக்குப் பிடிக்காதேயும். பெரும்பாலான வங்கிகள் குடும்பத்தவரை ஏற்பதில்லை, பத்திரம் திரும்பி வரும், ஒரு கிழமை போகும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடும், நீர் எழுதும்போது அவர் நேரே பார்க்க வேண்டும், வீடியோவில் அல்ல.

கொம்ப்ளீஷன் முடிந்தபிறகு சிலர் மறந்துவிடுவார்கள். பதிவு நடந்ததா என்று நிலப்பதிவகத்தின் தளத்தில் 7 பவுண் கட்டி உரிமைப் பதிவேட்டின் பிரதியை நீரே எடுத்துப் பாரும், உங்கள் பேரும் வங்கியின் பேரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று. பதிவகத்தில் காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம், ஆனால் விண்ணப்பம் போய்விட்டதா என்பதைச் சொலிசிற்றர் உடனே சொல்ல முடியும்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. 8 கிழமையில் தீராவிட்டால், அல்லது அவர்களின் இறுதிப் பதில் கிடைத்து 6 மாதத்துக்குள், லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. முறைப்பாட்டு முறை முதல் நாள் வரும் ஒப்பந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அதைக் கிழித்து எறியாதேயும்.